“இன்னாண்ணா படம் பாக்கலாம்?” அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு காலத்தில் சி.டி., டி.வி.டி. வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். இப்போது அதே கடையில் ஜெராக்ஸ் மெஷினும் ரீசார்ஜும். டி.வி.டி. போய்விட்டது, கேள்வி மட்டும் போகவில்லை. ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கூட சில்லறையை வாங்கிக்கொண்டே, “அப்புறம், நல்ல படம் ஏதாவது வந்துருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நல்ல படம் ஒண்ணு சொல்லுங்கன்னா, உடனே சொல்லாம ஏன் எங்களையே கேள்வி கேட்கறீங்க?

கேட்காமல் எப்படிச் சொல்வது? யாரோடு பார்க்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு உட்காருவீர்கள், கடைசியாக எந்தப் படத்தை முழுசாகப் பார்த்தீர்கள் என்ற மூன்றையும் கட்டாயம் கேட்பேன். இதில் மூன்றாவதுதான் முக்கியம். பிடித்த படம் எது என்று கேட்டால் எல்லோரும் கௌரவமாக ‘நாயகன்’ என்று சொல்லிவிடுவார்கள். முழுசாகப் பார்த்தது எது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம் கேட்டாள். வாரம் பூராவும் நின்றுகொண்டே வேலை. துணி துவைத்து, சமைத்து முடித்து மத்தியானம் மூன்று மணிக்குத்தான் உட்காருவாளாம். அவளிடம் போய் ‘விசாரணை’ பாரும்மா என்று சொன்னால் நான் மனுஷனா? அது பெரிய படம், தேசிய விருது வாங்கிய படம், நானே பலருக்குச் சொன்ன படம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது இல்லை. ‘மைக்கேல் மதன காம ராஜன்’ போட்டுப் பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் வந்து, சாம்பாரில் மீன் விழுகிற இடத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சமீபத்துல வந்ததுல ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா?

‘லப்பர் பந்து’. 2024இல் வந்தது, தமிழரசன் பச்சமுத்துவுக்கு இயக்குநராக முதல் படம். மருமகனாக வரப்போகிறவனுக்கும் மாமனாருக்கும் உள்ளூர் கிரிக்கெட்டில் முட்டிக்கொள்கிறது. கதை அவ்வளவுதான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பாலாற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் அந்த மணலே நம் பிள்ளைகளுக்கு கிரவுண்டு. ஸ்டம்புக்குக் கல், பவுண்டரிக்கு முள்செடி என்று ஆடிப் பழகியவர்களுக்கு இந்தப் படத்தில் எதையும் விளக்க வேண்டாம். அட்டகத்தி தினேஷ் செய்திருக்கும் ‘கெத்து’ என்கிற ஆள் எல்லா ஊரிலும் ஒருத்தர் இருப்பார். பொண்ணுக்குக் கல்யாண வயசு வந்தாலும் டோர்னமென்ட் என்றால் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள். அவர் ஆட வரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் விஜயகாந்த் பாட்டு, ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’. 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு அது. அந்தப் பாட்டு வந்ததும் தியேட்டரில் எழுந்த சத்தம் இருக்கிறதே, அதில் பாதிப் பேர் அந்தப் பாட்டு வந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டார்கள்.

ஹரிஷ் கல்யாண் நடித்த அன்பு எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒரு டீமில் அவனைச் சேர்க்க மாட்டார்கள். காரணம் சாதி. படம் இதை மேடை போட்டுப் பேசாமல், பதினோரு பேர் லிஸ்ட்டில் யார் பெயர் வரும், யார் பெயர் வராது என்பதிலேயே காட்டிவிடுகிறது. கிரிக்கெட் பிடிக்காதவர்களும் தைரியமாகப் பார்க்கலாம். வீட்டுப் பெண்கள் பேசும் இடங்களில்தான் படம் இன்னும் நன்றாக இருக்கிறது.

கதையைச் சொல்லாம ஒரு படத்தை எப்படிச் சொல்றது? நான் வாயைத் திறந்தாலே கிளைமாக்ஸ் வந்துடுது.

பலருக்கும் இந்த வியாதி இருக்கிறது. முதல் பத்து நிமிஷத்தில் நடப்பதை மட்டும் சொல்லுங்கள், போதும். ‘மகாராஜா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் நித்திலன் சாமிநாதன் எடுத்தது, விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். முடி திருத்துகிற ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, “என் லட்சுமியைக் காணோம், கண்டுபிடிச்சுக் கொடுங்க” என்கிறார். லட்சுமி யார் என்று விசாரித்தால், குப்பைத் தொட்டி.

அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாரா மாட்டாரா? இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அந்தப் படம் கெட்டுப்போகும், ஏனென்றால் அது காலத்தை முன்னும் பின்னும் கலைத்து அடுக்கிய படம். “கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாரு” என்று சொல்வதும் கூடாது. ட்விஸ்ட் இருக்கிறது என்று தெரிந்தவன் படம் பார்க்க மாட்டான், துப்புத் துலக்கிக்கொண்டிருப்பான். ஒரு எச்சரிக்கை: சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைப் போடாதீர்கள். கதையின் நடுவில் இருக்கும் கொடுமை லேசானதில்லை.

நைனா, அம்மாவோட உட்கார்ந்து பார்க்கற மாதிரி?

‘டூரிஸ்ட் ஃபேமிலி’, 2025. அபிஷன் ஜீவிந்த் இயக்கம், சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் ஒரு குடும்பம் ராமேசுவரம் கரையில் வந்து இறங்கி, சென்னையில் ஒரு தெருவில் யாருக்கும் தெரியாமல் குடியேறப் பார்க்கிறது. பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். ஆனால் அந்த அப்பாவுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. எதிர்ப்படும் எல்லோரிடமும் அன்பாகப் பேசிவிடுவார். இதை வைத்தே சிரிக்கவும் வைக்கிறார்கள், கண்ணைக் கலங்கவும் வைக்கிறார்கள்.

நம்ம மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அந்தப் பக்கம் பழகியவர்களுக்கு இந்தப் படத்தின் சிரிப்புக்குள் இருக்கும் கனம் சட்டென்று புரியும். நிஜ வாழ்க்கை இந்தப் படத்தைப்போல அவ்வளவு இனிப்பாக இருக்காது என்று சொல்பவர்கள் சொல்வதும் நியாயம்தான். தெருவில் உள்ள எல்லோருமா இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள்? இருந்தாலும், நைனாவும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது ரிமோட்டைத் தேட வேண்டியிராத படம்.

இன்னொன்று ‘மெய்யழகன்’. ‘96’ எடுத்த பிரேம்குமார்தான் இயக்குநர். சொந்த ஊரை விட்டு இருபத்திரண்டு வருஷம் ஆன ஒருத்தர் தங்கச்சி கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறார். அங்கே ஒருத்தன் “அத்தான், அத்தான்” என்று விடாமல் ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்று இவருக்கு ஞாபகமே இல்லை. கேட்கவும் கூச்சம். நம் வீட்டுக் கல்யாணங்களில் இது நடக்காமல் இருந்திருக்கிறதா? கல்யாண மேடையில் அரவிந்த்சாமி தங்கச்சிக்குக் கொண்டுவந்த நகைகளைத் தன் கையாலேயே போட்டுவிடுகிற இடம் வந்தால், ஊரைவிட்டுப் போய் வாழ்கிற அண்ணன்மார்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். படம் நீளம்தான். வெளியான பிறகு சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். ராத்திரி நெடுக இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற படம் என்பதால், தூக்கம் வருகிற நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

பழைய படம்னா எங்க ஆரம்பிக்கிறது?

உங்கள் வாழ்க்கையில் இப்போது என்ன நடக்கிறதோ அங்கே ஆரம்பியுங்கள். சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் தெருவுக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு லோன் பேப்பரை ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பாலு மகேந்திராவின் ‘வீடு’ பார்த்துவிட்டீர்களா என்று கேட்பேன். 1988இல் வந்தது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கித் தந்தது.

வேலைக்குப் போகிற ஒரு பெண், அவள் தங்கை, வயதான தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், சொந்தமாக ஒரு வீடு கட்டிவிடலாம் என்று துணிகிறாள். அப்புறம் அப்ரூவல், கடன், கான்ட்ராக்டர், சிமென்ட், மழை என்று ஒவ்வொன்றாக வருகிறது. வில்லன் என்று தனியாக ஒருத்தரும் வேண்டியிருக்கவில்லை. சித்தாள் மங்கம்மா ஒரு பக்கம், சிமென்ட் மூட்டையில் கை வைக்கிற கான்ட்ராக்டர் இன்னொரு பக்கம். வீடு கட்டியவர்கள் இரண்டு பேரையும் நேரிலேயே பார்த்திருப்பார்கள். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கக் குடையோடு தனியாகக் கிளம்பிப் போகிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், அறை அறையாக நடக்கிறார். பின்னணியில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை. வசனமே தேவைப்படாத இடம் அது.

லோன் சாங்ஷன் ஆன பிறகு பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் கட்டவே மாட்டீர்கள்.

குழந்தைங்களுக்கு?

‘காக்கா முட்டை’. மணிகண்டன் இயக்கி 2015இல் வந்தது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும், அந்த இரண்டு பையன்களுக்கும் குழந்தை நடிகர் விருதும் கிடைத்தன. ரயில் பாதையோரம் கரி பொறுக்கி விற்கிற அண்ணன் தம்பிக்கு பீட்சா சாப்பிட ஆசை. பேரன்களின் ஏக்கத்தைப் பார்த்த பாட்டி, விளம்பர நோட்டீசில் இருக்கும் படத்தைப் பார்த்து தோசை மாவிலேயே மேலே காய்களைத் தூவி பீட்சா சுட்டுத் தருவாள். நூல் மாதிரி இழுக்கணுமே, இது வரலையே என்று அவர்கள் முகம் போகிற போக்கைப் பாருங்கள்! பிள்ளைகளோடு பார்த்துவிட்டு, மறுநாள் அவர்கள் வீட்டில் பீட்சா கேட்டால் நான் பொறுப்பில்லை.

சர்டிபிகேட் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது யு/ஏ என்பதை 7, 13, 16 என்று வயது போட்டுப் பிரித்திருக்கிறார்கள். போஸ்டரின் மூலையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ‘விடுதலை’யின் இரண்டு பாகமும் ஏ சர்டிபிகேட். சூரி காமெடியன்தானே என்று நினைத்துப் பிள்ளைகளை உட்கார வைத்தவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறோம். தமிழ் தெரியாது. எங்களுக்கு ஒரு தமிழ்ப் படம் உண்டா?

சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வங்காளம், ஜார்க்கண்டு, வடகிழக்கு என்று பாதி இந்தியா இருக்கும். ரிப்போர்ட் நகல் எடுக்க நம் கடைக்கும் வருவார்கள். பரிசோதனை முடிவுக்காக லாட்ஜ் அறையில் காத்திருப்பது கொடுமையான நேரம். அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரி சீன் உள்ள படம் எதையும் நான் சொல்வதில்லை. தமிழில் அந்த வடிகட்டலைச் செய்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்!

இவர்களுக்கென்றே எடுத்ததுபோல ஒரு படம் இருக்கிறது: ‘பேசும் படம்’. 1987இல் சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்தது. மற்ற இடங்களில் ‘புஷ்பக விமானா’, ‘புஷ்பக்’ என்று வந்தது. கமல், அமலா நடித்திருக்கிறார்கள், படம் முழுக்க ஒரு வார்த்தை வசனம் கிடையாது. வேலையில்லாத ஒரு இளைஞன், குடித்துவிட்டுக் கிடக்கும் ஒரு பணக்காரரின் சாவியை வைத்துக்கொண்டு நட்சத்திர ஹோட்டலில் அவர் அறையில் போய்த் தங்கிவிடுகிறான். மெத்தை, ஏசி எல்லாம் இருந்தும் தூக்கம் வரவில்லை. அவன் பழைய லாட்ஜ் ஒரு சினிமா தியேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது, அந்த இரைச்சலிலேயே தூங்கிப் பழகிவிட்டான். கடைசியில் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வந்து, ஹோட்டல் அறையில் ஓடவிட்டுத் தூங்குகிறான். லாட்ஜில் தங்கியவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வராமல் இருக்காது.

வசனம் உள்ளதுதான் வேண்டும் என்றால் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் அந்தக் காட்சியை மட்டுமாவது போட்டுப் பாருங்கள். கதை சொல்கிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர் முகத்தையே பாருங்கள். தமிழ் தெரியாத கல்கத்தாக்காரர் ஒருவர் அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்.

தெலுங்கு, மலையாளமெல்லாம் பார்ப்பீங்களா?

சித்தூர் எல்லை கூப்பிடு தூரம். வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். டப்பிங் வேண்டாம், அந்தந்த மொழியிலேயே பாருங்கள். தெலுங்கில் ‘பலகம்’, 2023. வேணு எல்தண்டி இயக்கியது. தெலங்கானா கிராமத்தில் தாத்தா செத்துப்போகிறார், படையலை வைத்தால் காக்கா எடுக்க மாட்டேன் என்கிறது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பகை, ஒரு கறி எலும்பு விஷயத்தில்கூட மனக்கசப்பு. நம் வீட்டுக் காரியங்களிலும் காக்காவுக்காகக் காத்து நிற்பது உண்டல்லவா? சப்டைட்டில் இல்லாமலே பாதி புரிந்துவிடும்.

மலையாளத்தில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பார்க்காதவர் இனிமேல்தான் யாராவது இருக்க வேண்டும். கொடைக்கானல் குணா குகையில் 2006இல் நிஜமாக நடந்தது. ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’ பாட்டை அவர்கள் வைத்த இடத்துக்கு நம் ஜனம் கொடுத்த கைதட்டல்தான் அந்தப் படத்தைத் தமிழ்நாட்டில் அப்படி ஓட வைத்தது.

நம்ம வேலூரை நல்லா காட்டின படம் இருக்கா?

சினிமாவுக்கு வேலூர் என்றால் ஜெயில். “வேலூர் ஜெயில்ல இருந்து நேத்துதான் வெளிய வந்தான்” என்ற வசனத்தோடு ஊரை முடித்துவிடுவார்கள். 2011இல் நந்தா நடித்து ‘வேலூர் மாவட்டம்’ என்றே ஒரு படம் வந்தது. பெயருக்காகப் பார்த்தேன், போலீஸ் கதை, அவ்வளவுதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1972இல் வந்த ‘தெய்வம்’. ‘மருதமலை மாமணியே’ என்று மதுரை சோமு பாடுகிற படம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் கிருபானந்த வாரியார் வாரியாராகவே வருகிறார். நம்ம காட்பாடி பக்கத்துக் காங்கேயநல்லூர்க்காரர். அவர் கதை சொல்லும் அழகை நேரில் கேட்கக் கொடுத்து வைக்காதவர்களுக்கு அது ஒரு வாய்ப்பு.

கோட்டை இருக்கிறது, 1806 சிப்பாய்ப் புரட்சி இருக்கிறது. ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை மேல் இருந்த ஆத்திரம், உள்ளே காவலில் திப்பு குடும்பம், கோட்டையில் ஏறிய மைசூர்க் கொடி, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் ஏறியது. திரைக்கதையாசிரியர் புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. எல்லாம் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடந்திருக்கிறது. யாராவது ஒழுங்காக எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருவேன்.

தியேட்டருக்குப் போகணுமா, ஓ.டி.டி.யில வந்ததும் பார்த்துக்கலாமா?

பெரும்பாலான தமிழ்ப் படம் நாலு வாரத்தில் போனுக்கு வந்துவிடுகிறது, குடும்பத்தோடு போனால் டிக்கெட்டைவிட பாப்கார்னுக்கு அதிகம் ஆகிறது. ஆகவே, எல்லாவற்றுக்கும் போங்கள் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் சேர்ந்து சிரிக்க வேண்டிய படத்துக்குப் போங்கள். அமைதி வேண்டிய படத்துக்கும் போங்கள். ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணை ஷேர் ஆட்டோவில் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள், கூடவே ஒரு சேவல். வழியெல்லாம் கேட்பது வண்டிச் சத்தமும் காற்றும்தான். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும்போது அதைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

டெலிகிராம்ல லிங்க் இருக்கு, அனுப்பட்டுமா?

வேண்டாம். எனக்கு மட்டும் இல்லை, யாருக்கும் அனுப்பாதீர்கள். சின்னப் படம் முதல் வாரத்திலேயே செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்க சொல்ற சில படமெல்லாம் ரொம்ப மெதுவாப் போகுதே?

போகும். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’லைச் சொன்னதற்கு ஒருத்தர் சண்டைக்கே வந்துவிட்டார். ரோட்டர்டாம் விழாவில் 2021இல் டைகர் விருது வாங்கிய படம். கோபக்கார, குடிகார அப்பாவும் சின்னப் பையனும் பொட்டல் காட்டு வெயிலில் நடக்கிறார்கள். “நடக்கறதைத் தவிர ஒண்ணும் இல்லையேண்ணா” என்றார். ஆமாம், நடப்பதுதான் படம். முன்னால் போகிற அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு எட்டாத தூரத்தில் அந்தப் பையன் நடப்பான். அந்த இடைவெளி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று மட்டும் பாருங்கள் என்றேன். ஒன்றேகால் மணி நேரம்தான். வெயிலூர் என்று பேர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு அந்த வெயிலை நாம் சகிக்காவிட்டால் எப்படி? அவர் மறுபடி பார்த்தாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

விமர்சனம் பார்த்துட்டுப் போகலாமா?

பார்க்கலாம். உங்கள் ரசனைக்கு ஒத்துப்போகிற ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் காட்சி முடிந்து தியேட்டர் வாசலில் மைக் நீட்டுகிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தபோது கூட்டம் இல்லை. இன்றைக்கு அதைத் தலையில் வைத்துக் கொண்டாடாத ஆள் இல்லை.

நாங்களும் உங்களுக்குப் படம் சொல்லலாமா?

தாராளமாக. ஒரு நேரத்தில் ஒரே ஒரு படம். “இந்த வருஷத்தின் டாப் 25” என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஃபார்வர்டை நான் திறப்பதே இல்லை. படத்தின் பெயர், எந்த மொழி, எந்த ஆப்பில் இருக்கிறது, உங்களை உட்கார வைத்த காட்சி எது, இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கடையில் கொடுத்துவிடுங்கள். போனில் அனுப்பினால் மறந்துபோகும். ஞாயிறு மத்தியானம் கடை கிடையாது, அன்றைக்குப் பார்த்துவிட்டு திங்கட்கிழமை வந்தால் பேசலாம். கிளைமாக்ஸை மட்டும் எழுதாதீர்கள்.